நரிக்கு முழங்கால் எங்கே?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

விலங்குகள் பேசாத கதை நம் நாட்டில் அருமை. பஞ்சதந்திரத்து நரி அரசியல் பேசும். பாட்டியிடம் வடை திருடிய காகம் புகழ்ச்சிக்கு மயங்கும். முதலையின் முதுகில் ஏறிய குரங்கு நெஞ்சை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாகப் பொய் சொல்லும். இவற்றை எழுதுகிறவருக்குத் தொல்லை இல்லை. 'நரி சொல்லிற்று' என்று எழுதினால் போதும். நின்றுகொண்டு சொல்லிற்றா, கையைக் கட்டிக்கொண்டு சொல்லிற்றா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. அதே கதைக்குப் படம் வரைகிறவர் நிலை வேறு. அவர் நரியை நிற்க வைத்தாக வேண்டும். நான்கு காலில் நிற்கும் உடலை இரண்டு காலில் நிறுத்தியவுடனே, அந்தக் கால் எந்த இடத்தில் மடங்கும் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

பெரும்பாலோர் இக்கேள்வியைத் தாண்டிச் செல்லும் வழி எளியது. வேட்டி கட்டிய மனிதன் ஒருவனை வரைவார்கள். கழுத்துக்கு மேல் நரித்தலையை வைப்பார்கள். பின்னால் ஒரு வால். நரி ஆயிற்று! இம்முறையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் ஓர் இடம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அது நரி அன்று. நரி முகமூடி அணிந்த மனிதன். படத்தின் தலையை ஒரு கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சிய உடல் எந்த விலங்கினுடையது என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அப்படத்தில் விலங்கு கழுத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

"வேட்டி கட்டிய நரி உலகத்தில் இல்லை. இல்லாத ஒன்றுக்கு உடற்கூறு எதற்கு?" என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. வேட்டி கட்டிய நரி இல்லாவிட்டாலும், அதைப் பார்க்கிற கண் இருக்கிறது. தெருநாய் நடப்பதையும், ஆடு குட்டிச்சுவரில் முன்கால் தூக்கி வைத்துத் தழை தின்பதையும், பசு படுத்து எழுவதையும் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய கண் அது. அதற்கு எலும்பின் பெயர் தெரியாது. ஆனால் மூட்டு இடம் மாறியிருந்தால், 'என்னவோ சரியில்லை' என்று உடனே சொல்லிவிடும். கற்பனை விலங்கு உயிரோடு நிற்பதும், வெட்டி ஒட்டிய காகிதமாகத் தெரிவதும் அந்தக் கண்ணின் கையில் இருக்கிறது. ஆகவேதான் கற்பனைக்கு அடியிலும் ஓர் உண்மை எலும்புக்கூடு வேண்டியிருக்கிறது.

பின்காலும் குதிகாலும்

நரி நாய்க்குடும்பத்தது. எனவே நாயையே எடுத்துக்கொள்வோம். நாய்க்குத்தான் எந்த ஊரிலும் பஞ்சமில்லை. நாயின் பின்காலைப் பக்கவாட்டில் பார்த்தால், நடுவில் ஒரு மூட்டு பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும். 'நாய்க்கு முழங்கால் பின்பக்கம் மடங்கும்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முழங்கால் அன்று; குதிகால். மனிதன் நுனிக்காலில் எம்பி நிற்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதல்லவா? அந்நிலையிலேயே வாழ்நாள் முழுதும் நடக்கும் விலங்கு நாய். தரையில் படுவது அதன் விரல்கள் மட்டுமே. உள்ளங்கால் எலும்புகள் நீண்டு தரைக்கு மேலே செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் இருப்பது குதிகால். நம் குதிகாலுக்குப் பின்னால் தடவிப் பார்த்தால் கயிறு போல் அகப்படும் தடித்த தசைநாண் நாய்க்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் உண்மையான முழங்கால் எங்கே? வயிற்றின் கீழ்க்கோடு பின்காலைத் தொடும் இடத்திற்கு அருகில், உடம்போடு ஒட்டினாற்போல் முன்னோக்கி மடங்கியிருக்கிறது. தொடை எலும்பு தோலுக்குள் விலாப்புறத்தோடு சேர்ந்து மறைந்து கிடப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. ஆக, நாயின் கால் என்று நாம் எண்ணுவதில் பாதிக்கு மேல் உண்மையில் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியே.

இங்கே பாலூட்டிகள் மூவகைப்படும். மனிதன், கரடி, குரங்கு போன்றவை உள்ளங்கால் முழுவதையும் ஊன்றுபவை. நாய், பூனை, நரி, புலி ஆகியவை விரல் ஊன்றுபவை. ஆடு, மாடு, மான், குதிரை ஆகியவை நகத்தையே ஊன்றுபவை. அந்த நகம்தான் குளம்பு. மாடும் ஆடும் மூன்றாம், நான்காம் விரல்களின் நுனியில் நிற்கின்றன. குதிரையோ ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றின் நுனியில் நிற்கிறது. குதிரையின் முன்காலில் 'முட்டி' என்று வழங்குவது நம் மணிக்கட்டு.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை, அடுக்களையே போதும். ஆட்டுக்கால் சூப்பில் நாம் உறிஞ்சும் அந்த நீண்ட எலும்பு எது தெரியுமா? முன்காலாயிருந்தால் ஆட்டின் உள்ளங்கை எலும்பு. பின்காலாயிருந்தால் உள்ளங்கால் எலும்பு. கருவில் இரண்டாய்த் தோன்றிய எலும்புகள் ஒன்றாய் இணைந்தது அது. அதன் கீழ்நுனியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கென்று இரண்டு குமிழ்கள் தனித்தனியே நிற்கும். மூட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்த எலும்பை ஒரு தடவை கழுவி மேசைமேல் வைத்து வரைவது மேல்.

சரி, நரியை நிமிர்த்துவோம். ஓவியருக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குதிகாலைத் தரையில் இறக்கி, நரியை மனிதனைப் போலப் பாதம் ஊன்றச் செய்வது. டிஸ்னி நிறுவனம் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ராபின் ஹூட்' படத்தின் நரி நாயகன் இவ்வகையினன். மற்றொன்று, குதிகாலை மேலேயே விட்டு, முழங்காலை மடித்து, விரல்மீது நிற்க வைப்பது. இரண்டும் செல்லும். செல்லாதது எதுவென்றால், மனிதனின் நீண்ட தொடையையும் நாயின் உயர்ந்த குதிகாலையும் ஒரே காலில் கலப்பது. அப்போது காலுக்கு இரண்டு முழங்கால்கள் இருப்பது போலத் தோன்றும். கால்சட்டை அணிவித்தால் குட்டு இன்னும் வெளிப்படும். துணி எந்த மூட்டில் சுருங்குகிறது என்பதை வைத்தே ஓவியருக்கு எலும்பு தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம்.

இடுப்பைப் பற்றியும் ஒரு சொல். மனிதனின் இடுப்பெலும்பு குட்டையாய், அகன்று, கிண்ணம்போல் இருக்கிறது. அதன்மேல் படர்ந்த பிட்டத் தசையே நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நாயின் இடுப்பெலும்பு நீண்டு குறுகியது. அத்தகைய பெருந்தசை அதற்கு இல்லை. எனவே நாய் எழுந்து நின்றாலும் இடுப்பும் முழங்காலும் மடிந்தே இருக்கும். உடல் முன்னோக்கிச் சாயும். உண்மையைச் சொன்னால், நரிக்கு வேட்டி இடுப்பில் நிற்காது! ஓவியர் ஒரு கச்சையேனும் இறுகக் கட்டியாக வேண்டும்.

தலை விழும் இடம்

கால்களைவிட அதிகம் ஏமாற்றுவது கழுத்து. எலியாயினும் ஒட்டகச்சிவிங்கியாயினும் மனிதனாயினும் கழுத்தெலும்புகள் ஏழே. கடற்பசு, தேவாங்கைப் போல மெதுவாக நகரும் அமெரிக்கக் கண்டத்து 'ஸ்லாத்' ஆகிய மிகச்சிலவே விலக்கு. ஒட்டகச்சிவிங்கிக்கு ஒவ்வோர் எலும்பும் ஒரு சாணுக்கு மேல் நீண்டிருக்கிறது என்பதுதான் வேற்றுமை. ஆகையால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பாம்பைப் போல நெளிப்பது பொருந்தாது. ஏழு துண்டுகளாக ஒடிந்து வளையும் கோலாக அதை வரைய வேண்டும். பறவைகள் இதற்கு மாறு. ஆந்தைக்குப் பதினான்கு கழுத்தெலும்புகள் உண்டு.

எலும்புகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, மண்டையோட்டில் தண்டுவடம் நுழையும் பெருந்துளை இருக்கும் இடம். மனிதனுக்கு அது மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. எனவே நம் தலை தூண்மேல் வைத்த குடம்போல் நிற்கிறது. நாய்க்கு அது மண்டையோட்டின் பின்புறத்தில் இருக்கிறது. தலை கழுத்தின் முனையில் விளக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட உடலை அப்படியே தொண்ணூறு பாகை நிமிர்த்தினால் என்ன ஆகும்? நரி வானத்தைப் பார்க்கும்! அது எதிரில் உள்ளவரைப் பார்க்க வேண்டுமானால், கழுத்தின் மேற்பகுதி முன்னோக்கிக் கொக்கிபோல் வளைந்தாக வேண்டும். பிடரியில் ஒரு மேடு தோன்றும். தாடை நெஞ்சுக்கு மேலே சற்று முன்தள்ளி நிற்கும். மனிதக் கழுத்தின்மேல் விலங்குத் தலையைச் செருகியவர்களின் படங்களில் இந்த வளைவு இராது. மூக்கு முன்னே நீண்டிருக்க, அதைத் தாங்கப் பின்னால் ஒன்றும் இல்லாமல், தலை இப்போதே கழன்று விழுந்துவிடும் போலிருக்கும்.

தோளும் கையும்

நம் கழுத்தடியில் இருபுறமும் தடவினால் அகப்படும் காறை எலும்பு, தோள்களை இருபக்கமும் விலக்கிப் பிடித்திருக்கும் ஒரு சட்டம். நாய்க்கு அது பெயரளவிலேயே உண்டு. குதிரைக்கும் மாட்டுக்கும் இல்லவே இல்லை. பூனைக்குச் சிறு துண்டொன்று தசைக்குள் மிதக்கிறது. ஆகையால் இவற்றின் மார்பு ஒடுங்கி ஆழ்ந்திருக்கிறது. தோள்பட்டை எலும்புகள் முதுகில் அல்லாமல் விலாவின் பக்கத்தில் படிந்திருக்கின்றன. முன்கால்கள் உடம்போடு எலும்பால் பிணைக்கப்படாமல் தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. முன்னும் பின்னும் வீசிக் குதிக்க இது மிக ஏற்ற அமைப்பு. ஆனால் பக்கவாட்டில் விரிய வழியில்லை.

இதன் விளைவைக் கதைப்படத்தில் வைத்துப் பாருங்கள். பசு இரு முன்கால்களையும் முன்னே கொண்டுவந்து கும்பிடலாம். அதன் தோள் அதற்கு இடம் தரும். இரு கைகளையும் அகல விரித்து, 'வாருங்கள், வாருங்கள்' என்று விருந்தினரை வரவேற்க இயலாது. அணில் அப்படியன்று. அதற்குக் காறை எலும்பு உண்டு. கொட்டையை இரு கைகளிலும் ஏந்திக் கடிப்பதை நாள்தோறும் காண்கிறோம். கதைகளில் அணிலும் எலியும் கைவேலை செய்யும்போது இயல்பாகத் தோன்றுவதற்கும், குதிரை செய்யும்போது உறுத்துவதற்கும் காரணம் இந்தச் சிற்றெலும்பே.

இன்னொன்று உள்ளங்கையைத் திருப்புவது. நமக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் உள்ள இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கையைப் புரட்டுகின்றன. பூனை ஓரளவு புரட்டும். நாய் மிகச் சிறிதே. மாட்டுக்கும் குதிரைக்கும் அவ்விரு எலும்புகளும் இணைந்தே போய்விட்டன. எனவே கையேந்திப் பிச்சை கேட்கும் நாயைக் கதை எழுதுகிறவர் எளிதில் எழுதிவிடலாம். நாயின் உடம்பு அதைச் செய்யாது. அது முன்காலைத் தூக்கி, உள்ளங்கை கீழ்நோக்கித் தொங்கத்தான் நீட்டும். அப்படியே வரைந்து பாருங்கள். உள்ளங்கையை விரித்து நீட்டும் நாயைவிட அதுவே அதிகமாக இரக்கத்தைத் தூண்டும் என்பது என் கருத்து. கட்டுப்பாடு சில வேளைகளில் ஓவியருக்கு உதவியே செய்கிறது.

பறவைகளுக்கு வருவோம். 1555ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இயற்கை நூலார் பியர் பெலோன், மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, ஒத்த எலும்புகளுக்கு ஒத்த எழுத்துகளைக் குறித்துக் காட்டினார். டார்வின் பிறப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது! சிறகில் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, மூன்று விரல்களின் எச்சம் ஆகிய எல்லாம் இருக்கின்றன. சிறகின் நுனியில் உள்ள பெரிய இறகுகள் இந்தக் கையெலும்புகளிலிருந்தே கிளம்புகின்றன. ஆகவே சிறுவர் படங்களில் காகம் இறகுகளையே விரல்களாக்கி வடையைப் பிடிப்பது முழுப்பொய் அன்று; முக்கால் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காகத்தின் காலில் வெளியே தெரியும் பின்மடங்கு மூட்டு, நாய்க்குச் சொன்னதுபோலவே, கணுக்கால்தான். முழங்கால் வயிற்றுப்புறத்து இறகுகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதே பாதையில் எதிர்த்திசையில் சென்றவர் ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். குதிரைகளின் உடல்களை ஒரு பண்ணை வீட்டில் தொங்கவிட்டு, தோல் உரித்து, தசை தசையாகப் பிரித்து வரைந்து, 1766இல் குதிரை உடற்கூறு நூலை வெளியிட்டவர். எழுபது வயதைக் கடந்தபின் மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றையும் ஒப்பிடும் நூலொன்றைத் தொடங்கினார். 1806இல் இறக்கும் வரை அது முடியவில்லை. அதற்கென வரைந்த படங்களில் மனித எலும்புக்கூட்டைக் கையையும் காலையும் ஊன்றித் தவழவிட்டிருக்கிறார். நாம் விலங்கை நிமிர்த்திப் பார்க்கிறோம். அவர் மனிதனைக் குனியவைத்துப் பார்த்தார். பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

முகம்

முகத்தில் எல்லாரும் கண்ணையும் புருவத்தையும் நம்புகிறார்கள். முயலுக்கும் ஆட்டுக்கும் கண்கள் பக்கவாட்டில் இருப்பவை. பின்னால் வரும் பகையையும் காண அமைந்தவை. பூனைக்கும் ஆந்தைக்கும் முன்னோக்கியவை. ஆட்டின் கண்பாவை கிடைக்கோடு. வீட்டுப் பூனையினது நிலைக்கோடு. புலியினதோ நம்முடையதைப் போல வட்டம். பூனையைப் பெரிதாக்கினால் புலி என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பசுவுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டுப்பற்களே இல்லை. கெட்டியான ஈறுதான் உண்டு. பால் விளம்பரங்களில் பல்வரிசை தெரியச் சிரிக்கும் பசுக்கள் யாரிடம் பல் கட்டிக்கொண்டனவோ!

புருவத்தைப் பற்றி ஒரு புதுச்செய்தி. நாய் நம்மைப் பாவமாகப் பார்க்கும்போது புருவத்தின் உட்புறம் மேலே எழும். அதை உயர்த்தும் தசை நாய்களில் நன்கு வளர்ந்திருக்கிறது என்றும், ஓநாய்களில் அது சில நார்களாகவே இருக்கிறது என்றும் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் நாய் பெற்ற முகபாவம் அது என்கிறார்கள். ஆக, கெஞ்சும் புருவத்தை நாய்க்குக் கொடுங்கள். ஓநாய்க்குக் கொடுக்கும்போது ஒருமுறை யோசியுங்கள். ஓநாய்க்கும் குதிரைக்கும் மானுக்கும் மனநிலையைச் சொல்வது காது. அச்சத்தில் பின்னே படியும், ஐயத்தில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய்த் திரும்பும். மனிதனுக்கு இல்லாத இந்தச் செல்வத்தை நம் ஓவியர்கள் தொடுவதே இல்லை. காதை ஓர் அடையாளச் சின்னமாக ஒட்டிவிட்டுப் புருவத்தை நெளிக்கிறார்கள். என் பார்வையில் இத்துறையின் பெருங்குறை இதுவே.

கற்றவர் சிலர்

பீட்டர் முயலைப் படைத்த பீட்ரிக்ஸ் பாட்டர் 1866இல் பிறந்தவர். அவரும் தம்பியும் சிறுவயதில் முயல், எலி, முள்ளெலி எல்லாம் வளர்த்தார்கள். அவை இறந்தபின் வேகவைத்து எலும்பை எடுத்து வைத்துக்கொண்டதும் உண்டு. 1902இல் வெளிவந்த அவருடைய முதல் கதையில் முயல்குட்டி நீலச் சட்டை அணிந்து நிமிர்ந்து நடக்கிறது. தோட்டக்காரரிடமிருந்து தப்பும்போது சட்டை வலையில் சிக்கிக் கழன்றுவிடுகிறது. அந்தக் கணமே அது நான்கு காலில் ஓடும் வெறும் முயல். இந்த மாற்றம் நமக்கு ஏன் திடுக்கிடலைத் தரவில்லை? சட்டைக்குள் இருந்ததும் அதே முயலின் உடம்புதான். ஆசிரியர் எங்கும் மனித உடலைத் திருட்டுத்தனமாக உள்ளே வைக்கவில்லை. இருக்கையில் அமர்ந்த முயலின் நீண்ட பாதம் தரையில் படிவதுகூட உண்மை முயலின் இருப்பே.

'பாம்பி' என்ற மான்குட்டிப் படம் 1942இல் வெளிவந்தது. அதற்காக உயிருள்ள மான்குட்டிகள் இரண்டை மெய்ன் மாநிலத்திலிருந்து வரவழைத்து டிஸ்னி நிறுவனத்தார் வளர்த்தார்கள். இத்தாலியில் பிறந்த ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் அவர்களுக்கு விலங்கு உடற்கூறு கற்பித்தார். இறந்த மான்குட்டி ஒன்றின் உடலை வகுப்புக்குக் கொண்டுவந்து, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக நீக்கிக் காட்டினார். நாளாக ஆக நாற்றம் தாளாமல் மாணவர்கள் விலகினாலும் அவர் விலகவில்லை. அப்பாடத்தின் பயன் மானின் நடையில் தெரிகிறது. ஆனால் படத்தின் மான்குட்டிக்குக் கண்ணும் தலையும் உண்மையைவிடப் பெரியவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய தலை, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகியவை குழந்தையின் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் நம்முள் பரிவு சுரக்கிறது என்று கான்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். மிக்கி எலி 1928 முதல் ஆண்டுக்கு ஆண்டு தலை பெருத்து இளமையாகிக்கொண்டே வந்ததை உயிரியலார் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் அளந்தே காட்டினார். ஆக, மிகைப்படுத்துவதற்கும் ஓர் உடற்கூறு இருக்கிறது.

முகமூடி முறைக்கு ஓர் இடம் உண்டு என்றேன். பிரெஞ்சு ஓவியர் கிராண்ட்வில் 1829ஐ ஒட்டி வெளியிட்ட படங்களில் மனித உடல்மேல் விலங்குத் தலைகளை வைத்தார். அங்கே பேசப்படுவது விலங்கு அன்று. அன்றைய பாரிஸ் நகரத்து மனிதர்கள். கோட்டும் கைத்தடியும் மனிதனுடையவையாக இருந்தால்தான் கேலி பலிக்கும். அரசியல் கருத்துப்படங்களுக்கும் இதுவே பொருந்தும். நோக்கம் மனிதனானால் உடல் மனிதனாகட்டும். நோக்கம் விலங்கானால் அது செல்லாது.

இனி, நம் வீட்டுக்கு அருகில் உள்ள சான்று. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் வழங்கப்படும் பெரும்பாறைச் சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. அதில் பெரிய யானையின் அருகே பூனை ஒன்று பின்கால்களில் நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது; சுற்றிலும் எலிகள். மகாபாரதம் சொல்லும் போலித்துறவிப் பூனையின் கதை இது. மேலே ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியைப் பார்த்து அது நடிக்கிறது. நகைச்சுவையை எல்லாரும் பாராட்டுவர். நான் பாராட்ட விரும்புவது அதன் தோளை. கைகளைத் தலைக்குமேல் தூக்குவது நிமிர்ந்த பூனைக்குப் புதுச்செயல் அன்று; நான்கு காலில் நிற்கும்போது முன்கால்களை முன்னே நீட்டிச் சோம்பல் முறிக்கும் அதே அசைவுதான். மரத்தில் நகம் தீட்டும்போதும் அது இப்படித்தான் நிற்கிறது. கைகளை அகல விரிக்கும் நிலையைச் சிற்பி தந்திருந்தால் பூனையின் உடம்பு இணங்கியிராது. தவசியின் நிலையும் பூனையின் எலும்பும் ஒத்துப்போகும் ஒரே இடத்தைக் கல்லில் பிடித்திருக்கிறார். அதே பாறையில் பின்காலால் முகத்தைச் சொறியும் மானையும் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கை அது என்பது விளங்கும்.

எங்கே கற்பது?

கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் வழக்கம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆணையோடு முடிந்தது. தவளைகளுக்காக நான் மகிழ்கிறேன். லெப்ரனின் வகுப்பை நாம் நடத்த வேண்டியதில்லை. ஓவியருக்கு வேண்டியது குடல் அன்று, எலும்பும் மூட்டும் அசைவும். துறைக் காட்சிக்கூடத்தின் எலும்புக்கூடுகள் தூசி படிந்து காத்திருக்கின்றன. தேர்வுக்கு முதல்நாள் தவிர மற்ற நாள்களிலும் அவற்றைப் பார்க்கலாம். சென்னைக்குச் செல்வோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் யானை, திமிங்கிலம் ஆகியவற்றின் எலும்புக்கூடுகளைக் காணலாம். யானையின் பின்காலைப் பாருங்கள்: தொடை எலும்பு நீண்டு, முழங்கால் தாழ்ந்து, ஏறக்குறைய மனிதக் காலாகவே இருக்கும். யானையை நிமிர்த்தி வரைவது ஏன் எளிது என்பது அப்போது புலப்படும்.

பிறகு தெருவுக்கு வாருங்கள். ஒரு தாளில் மனிதக் கூட்டைப் பக்கவாட்டில் வரைந்து, இடுப்பு, முழங்கால், குதிகால், தோள், முழங்கை, மணிக்கட்டு ஆறிடத்தும் ஆறு நிறப் புள்ளிகள் வையுங்கள். படுத்திருக்கும் நாயை வரைந்து அதே நிறங்களை அதே மூட்டுகளில் வையுங்கள். பின்னர் ஆடு, காகம், முயல். மூட்டுகளின் வரிசை எதிலும் மாறாது. இடைப்பட்ட நீளங்கள் மட்டுமே மாறும். புள்ளிகள் கைக்கு வந்தபின் நாயை நிமிர்த்துங்கள். எடை பாதத்திற்கு மேலே விழுகிறதா என்று நெற்றியிலிருந்து ஒரு நேர்கோடு விட்டுச் சரிபாருங்கள். கோடு பாதத்தைத் தாண்டி முன்னே விழுந்தால், முழங்காலை இன்னும் மடியுங்கள், அல்லது கையில் ஒரு கோலைக் கொடுங்கள். கதை நரிகள் கைத்தடி வைத்திருப்பது ஒருவேளை இதனால்தானோ! துணியை எல்லாவற்றுக்கும் கடைசியில் உடுத்துங்கள்.

வால் ஒன்று பாக்கி. அது இடுப்பு மடிப்பிலிருந்து முளைப்பதில்லை. முதுகெலும்பின் தொடர்ச்சி அது. இடுப்பெலும்பைத் தாண்டி, கால்சட்டையின் இருக்கைக்குச் சற்று மேலே வெளிவருவது. எனவே தையற்காரர் துளை வைக்க வேண்டிய இடம் இடுப்புப் பட்டைக்கு நான்கு விரற்கடை கீழே.